வயலின் அழுதும் நமக்கு ஏன் அழுகை வருவதில்லை?

சோகக் காட்சியில் இசை கூடக்கூட மனசு ஏன் ஒட்டுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நடிகர் முகம் மாறும் முன்பே வயலின் ‘அழு’ என்று சொல்லிவிடுகிறது. அப்புறம் நாமாக உணர என்ன மிச்சம்?

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. பேச்சைத் தெளிவாக்கும் மெய்யொலிகளில் பெரும்பங்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வாக்கில் இருக்கும். வயலினின் கூர்மையும் அங்கேதான். இரண்டும் மோதினால் வசனம் அமுங்கும். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தியேட்டரில், அம்மா மகனிடம் கடைசியாகச் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. (பக்கத்து சீட்டின் பாப்கார்ன் நன்றாகக் கேட்டது.) அதே படத்தில் அப்பா தனியாகச் சாப்பிடும் காட்சிக்கு இசையே இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும். பாப்கார்ன்காரர்கூட அப்போதுதான் கையை நிறுத்தினார்.