ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், ஆனாலும் ரூபிக்ஸ் கியூப் நேரம் 40 நொடிக்குக் கீழே இறங்கவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் மகள் ஏழாம் வகுப்பு. கடைசி அடுக்கின் மேல் நிறத்தை ஒன்றாக்கும் 57 ஓ.எல்.எல்., அதன் துண்டுகளை அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோகும் 21 பி.எல்.எல். ஃபார்முலாக்களும், அதாவது மூவ் வரிசைகளும், மனப்பாடம். கை மின்னலாக ஓடுகிறது. ஆனாலும் சராசரி 40 நொடியிலேயே நிற்கிறது. இன்னும் வேகமாகச் சுற்றப் பழக்க வேண்டுமா, 20 நொடிக்கு வந்த பிறகுதான் போட்டிக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக கியூபோடு இருப்பவன், போட்டிகளில் ஜட்ஜாகவும் உட்கார்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். போட்டிக்கு இப்போதே அனுப்புங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. சால்வ் ஆகிவிட்ட கியூபை அவள் கையில் கொடுத்து, "ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம்" (ஆர் என்றால் வலப் பக்கம், யூ என்றால் மேல் பக்கம், பிரைம் என்றால் எதிர்த் திசையில்) என்ற நான்கு மூவையும் ஆறு முறை தொடர்ந்து செய்யச் சொல்லுங்கள். ஆறாவது முறை முடியும்போது கியூப் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மொத்தம் 24 மூவ். நீங்கள் சொல்வது போலக் கை ஓடுகிற பெண் என்றால் ஐந்து நொடிக்குள் முடித்துவிடுவாள். அதாவது நொடிக்கு ஐந்து மூவ் அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். அவள் பயன்படுத்தும் முறையில் ஒரு சால்வுக்குச் சுமார் 60 மூவ் ஆகும். நொடிக்கு ஐந்து என்றால் 12 நொடியில் முடிந்திருக்க வேண்டும். மீதி 28 நொடி எங்கே போகிறது? கை சும்மா நிற்கிறது, கண் அடுத்த துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு சால்வை போனில் வீடியோ எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். படபடவென்று நான்கைந்து மூவ், பிறகு ஒரு நிறுத்தம், கியூபை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்ப்பது, மறுபடி படபட. அந்த நிறுத்தங்களில்தான் அந்த 28 நொடி இருக்கிறது. நொடிக்கு மூன்றே மூவ் போட்டு, எங்கும் நிற்காமல் போனால் 20 நொடியில் சால்வ் முடிந்துவிடும். அவள் கைவேகம் இதற்குத் தாராளம்.

நிறுத்தம் பெரும்பாலும் எஃப் டூ எல், அதாவது முதல் இரண்டு அடுக்கை முடிக்கும் கட்டத்தில் வருவதுதான். ஒரு பக்கத்தில் ஒரே நிறத்தில் கூட்டல் குறி போன்ற கிராஸ் போட்ட பிறகு, ஒரு மூலைத் துண்டையும் ஒரு விளிம்புத் துண்டையும் ஜோடி சேர்த்து இடத்தில் இறக்க வேண்டும். இப்படி நான்கு ஜோடி. முதல் ஜோடியை இறக்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் அந்த ஜோடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது சரியாகப் போய் உட்கார்ந்ததா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்ததைத் தேட ஆரம்பிப்பார்கள். நன்றாக சால்வ் செய்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. புள்ளிக் கோலம் போடுகிறவரின் கண் எப்படி இழுக்கிற கோட்டை விட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறதோ, அப்படித்தான் இதுவும். கைக்கு இந்த ஜோடி, கண்ணுக்கு அடுத்த ஜோடி. கியூபர்கள் இதை லுக்-அஹெட் என்பார்கள். எனக்குத் தெரிந்து 40 நொடிக்காரரையும் 15 நொடிக்காரரையும் பிரிப்பது இதுதான்.

கை வேகமாக ஓடினால் கண்ணால் எதையும் பிடிக்க முடியாது. அதனால்தான் மெதுவாகச் சுற்றச் சொல்கிறேன். போனில் ஒரு மெட்ரோனோம் ஆப் போட்டு, நொடிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு மூவ் என்று ஆரம்பியுங்கள். நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. சலிப்பாக இருக்கும், முதல் வாரம் முகம் சுளிப்பாள். அந்த நேரத்தில் டைமரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நிற்காமல் வர ஆரம்பித்ததும் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கிராஸுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். எப்படிக் கலைத்த கியூபாக இருந்தாலும் கிராஸை எட்டு மூவுக்குள் முடித்துவிட முடியும். போட்டியில் சால்வுக்கு முன்பு பார்த்துக்கொள்ள 15 நொடி தருகிறார்கள். அந்த 15 நொடிக்குள் முழுக் கிராஸையும் மனதில் போட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகட்டும். ஆரம்பத்தில் நேரக் கணக்கே வேண்டாம், ஒரு நிமிடம்கூடப் பார்க்கட்டும். கண்ணை மூடிக் கிராஸ் போட வந்துவிட்டால், கண் திறந்து போடும்போது அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கலாம். முதல் ஜோடியை அங்கேயே பிடித்துவிடலாம். கிராஸைக் கீழ்ப் பக்கத்திலேயே போடப் பழக்குங்கள். மேலே போட்டுவிட்டுக் கவிழ்க்கும்போது பார்த்து வைத்ததெல்லாம் இடம் மாறிவிடும்.

57 ஓ.எல்.எல். கற்றதை வீண் என்று சொல்லவில்லை, பின்னால் உதவும். ஆனால் கடைசி அடுக்கை இரண்டிரண்டு படியாகப் பிரித்து முடிக்கிறவர்கள் ஓ.எல்.எல்.லுக்குப் பத்து, பி.எல்.எல்.லுக்கு ஆறு ஃபார்முலாவை மட்டும் வைத்துக்கொண்டே 20 நொடிக்குள் வந்துவிடுகிறார்கள். கியூப் பழக்கும் பெற்றோர் பலர் ஃபார்முலா எண்ணிக்கையைத்தான் முன்னேற்றமாகப் பார்க்கிறார்கள். எண்ண முடிகிற விஷயம் அது ஒன்றுதான் என்பதால் இருக்கலாம்.

எந்த நிலையில் இருக்கும் கியூபையும் 20 மூவுக்குள் சால்வ் செய்ய முடியும் என்று 2010-ல் கம்ப்யூட்டர் உதவியோடு நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அந்த 20 மூவ் வழியை எந்த மனிதராலும் 15 நொடியில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கண்ணால் பின்தொடர முடிகிற நீளமான வழியை எல்லோரும் எடுக்கிறோம். உங்கள் மகள் செய்யும் முறையை ஃப்ரிட்ரிச் முறை என்று சொல்வார்கள். 1982-ல் புடாபெஸ்ட்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கலந்துகொண்ட ஜெசிகா ஃப்ரிட்ரிச், பிற்பாடு அதைத் தன் இணையப் பக்கத்தில் விளக்கமாக எழுதி வைத்தார். அந்த 1982 போட்டியில் ஜெயித்த மின் தாய் எடுத்த நேரம் 22.95 நொடி. அன்றைய கியூப் கைக்கு அவ்வளவு கடினம். இன்று சில நூறு ரூபாய்க்கே காந்தம் வைத்த கியூப் கிடைக்கிறது, அடுக்கு முழுதாக நேராகாவிட்டாலும் அடுத்த பக்கம் திரும்பும். மகளிடம் இருப்பது பழைய, இறுகிய கியூப் என்றால் அதை மட்டும் முதலில் மாற்றுங்கள். அதற்கு மேல் விலையில் போக இப்போது தேவையில்லை.

போட்டி பற்றி. 20 நொடிக்கு வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். உலக கியூப் சங்கத்தின் விதிப்படி பொதுவாக ஒரு சால்வுக்குப் பத்து நிமிடம் வரை அனுமதி உண்டு. அதைக் குறைத்து வைக்கும் போட்டிகளிலும் 40 நொடிக்காரர் தாராளமாக ஆடலாம். ஐந்து சால்வ். மிக நல்லதையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு நடு மூன்றுக்குச் சராசரி. ஒன்று சொதப்பினாலும் ஒன்றும் ஆகாது.

மேக்ஸ் பார்க்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-ல் 3.13 நொடியில் சால்வ் செய்து உலக சாதனை வைத்தவர். 2025-ல் சீனச் சிறுவன் ஒருவன் அதை 3.05 ஆக்கினான். மேக்ஸுக்குச் சிறு வயதிலேயே ஆட்டிசம் இருப்பது தெரிந்தது. விரல்களுக்குப் பயிற்சியாகத்தான் கியூப் அவர் கைக்கு வந்தது. வரிசையில் நிற்க, ஜட்ஜை நிமிர்ந்து பார்க்க, பிறரோடு பேசப் பழகட்டும் என்றுதான் பெற்றோர் போட்டிகளுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அவர் ஆதர்சமாக நினைத்த ஆஸ்திரேலிய கியூபர் ஃபெலிக்ஸ் ஜெம்டெக்ஸ், தன் சாதனைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கே நண்பரானார். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. போட்டிக்கு வரும் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கியூபைக் கலைத்துத் தருகிறார்கள், ஜட்ஜாக உட்கார்கிறார்கள். உங்கள் மகள் 40 நொடியில் முடித்ததைப் பார்த்த ஒரு பத்து நொடிக்காரன், எந்த ஜோடியில் நின்றாள் என்று தானாக வந்து சொல்லிக்கொடுப்பான்.

வீட்டில் பழக்க வேண்டியது மேஜைப் பழக்கம் மட்டும். கியூப் மேல் இருக்கும் மூடியை எடுத்ததும் பார்த்துக்கொள்ளும் 15 நொடி ஓடும். எட்டாவது நொடியிலும் பன்னிரண்டாவது நொடியிலும் ஜட்ஜ் குரல் கொடுப்பார், அதில் பதறக் கூடாது. இரண்டு கையையும் டைமரில் வைத்து, பச்சை விளக்கு வந்த பிறகே எடுக்க வேண்டும். முடித்ததும் கியூபைக் கீழே விட்டுவிட்டு இரு கையாலும் டைமரை நிறுத்த வேண்டும், ஜட்ஜ் பார்த்து முடிக்கும் வரை கியூபைத் தொடக் கூடாது. கடைசி அடுக்கு 45 டிகிரிக்கு மேல் திரும்பி நின்றால் இரண்டு நொடி கூடிவிடும். முதல் போட்டிக்குப் போகும்போது அவளுடைய அடையாள அட்டையை எடுத்துப் போங்கள், பதிவை சங்கத்தின் இணையதளத்திலேயே செய்யலாம். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் பதிவு திறக்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.