பாலையும் கோதுமையையும் நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. ஆட்டிசம் என்று கண்டறிந்து ஆறு மாதமாகிறது. பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்தினால் பேச்சு வரும் என்கிறார்கள். அவன் சாப்பிடுவதே பால், தயிர்சாதம், பரோட்டா, பிஸ்கட் மட்டும்தான். முயன்று பார்க்கலாமா?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பேச்சு வரும் என்று நம்பி நிறுத்தாதீர்கள், அம்மா. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வொன்றில், இந்த உணவுமுறையில் இருந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 14 பேருக்கு, எதில் கலந்திருக்கிறது என்று பெற்றோருக்கே தெரியாதபடி, கோதுமையோ பாலோ கலந்த தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலோ தூக்கத்திலோ மலம் கழிப்பதிலோ மாற்றம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனமாகச் செய்யப்பட்டது.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். பாலையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கலும் இரும்புச்சத்துக் குறைவும் எளிதில் வரும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை முட்டிக்கொள்ளும், குப்புறப் படுத்து அழுத்தும், இரவில் விழித்துக்கொள்ளும். இதைத் தீர்த்தாலே பல வீடுகளில் அமைதி திரும்புகிறது. பலதுறை மருந்தக மருத்துவரிடம் இரும்புச்சத்தோடு, கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லையென்றே முடிவு வரக்கூடும்.

அதற்குப் பிறகும் முயல விரும்பினால், உணவியல் வல்லுநர் துணையோடு பாலை மட்டும் 4 முதல் 6 வாரம் நிறுத்துங்கள். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எதனால் மாறியது என்று தெரியாது. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தூங்கிய மணிநேரம், அடம்பிடித்த தடவை, மலம் கழித்த நாள் ஆகிய மூன்றையும் தினமும் எழுதிவாருங்கள். புதிய பயிற்சியோ மருந்தோ அப்போது தொடங்க வேண்டாம்.

இந்த வயதில் நாளொன்றுக்குச் சுமார் 600 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 240 கிடைக்கும். கேழ்வரகுக் கூழ் போதுமென்று நினைப்பார்கள். 30 கிராம் மாவில் 100 அளவே இருக்கும், அதிலும் முழுவதும் உடலில் சேராது. அதனால் கால்சியம் சேர்த்த சோயா பாலாகப் பார்த்து வாங்குங்கள். உணவங்காடிக் கடையில் ஊற்றித் தரும் சோயா பானத்தில் பெரும்பாலும் அது சேர்ப்பதில்லை. பாதாம் பாலில் புரதம் குறைவு.

மாற்றுவதும் மெதுவாக நடக்கட்டும். அவன் வழக்கமாகக் குடிக்கும் அதே குவளையில், பாலோடு ஒரு மேசைக்கரண்டி சோயா பால் கலந்து, மூன்று நாளுக்கொரு முறை இன்னொரு கரண்டி கூட்டுங்கள். முழுவதும் மாறிய நாளிலிருந்துதான் அந்த 4 முதல் 6 வாரத்தை எண்ண வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் குவளையையே தள்ளிவிடுவான். பிறகு பழைய பாலையும் தொடமாட்டான். நான்கு பண்டம் மூன்றாகிவிடும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

கோதுமையைப் பின்னொரு நாள் நிறுத்தினால் பரோட்டா, ரவை, சேமியா எல்லாருக்கும் நினைவிருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது மறந்துபோகும். ரசம், சாம்பார் வழியாக உள்ளே போய்விடும். பீ ஹூன் என்ற மெல்லிய நூடுல்ஸ் அரிசிதான், ஆனால் அதில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது, அதிலும் குளூட்டன் உண்டு. பாலர் பள்ளிச் சமையலறையிலும் சொல்லிவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கொரு முறை எடை பாருங்கள். எடை குறைந்தால் அன்றே இந்த முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 6 வாரத்தில் உங்கள் குறிப்பேட்டில் மாற்றம் தெரியாவிட்டால் பாலைத் திரும்பக் கொடுங்கள். மாற்றம் தெரிந்தாலும் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்: பழைய தொல்லை திரும்பினால்தான் காரணம் பால்.