பேயறைந்த முகம் வேண்டுமா? ஜாம்பி மேக்கப் கேள்வி-பதில்

அக்டோபர் 31 ஹாலோவீன். மும்பைத் தமிழர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஜாம்பி, அதாவது எழுந்து நடமாடும் பிணம், வேஷத்தைப் பற்றியவை. சீரியல் செட்டுகளில் காயமும் தழும்பும் போட்டே பழகிய கை என்னுடையது. அதனால் ஆசையோடுதான் பதில் எழுதுகிறேன்.

வீடியோவில் பார்த்தபடி வெள்ளை ஃபேஸ் பெயின்ட் பூசினேன். மாவில் விழுந்து எழுந்தது போல இருக்கிறது என்கிறார்கள். நான் மாநிறம். (கல்லூரி மாணவி, செம்பூர்)

தப்பு உங்கள் மேல் இல்லை. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலுக்காகச் செய்தவை. உயிர் போனால் ரத்த ஓட்டம் நின்று, தோலுக்கு அடியில் இருக்கும் சிவப்பு வடிந்துபோகும். வெளுத்த தோலில் அது வெள்ளையாகத் தெரியும். நம் மாநிறத்தில் சாம்பல் பூத்த பழுப்பாகத் தெரியும். ஆகவே உங்கள் நிறத்து ஃபவுண்டேஷனையே பட்டாணி அளவு உள்ளங்கையில் எடுங்கள். பச்சை ஃபேஸ் பெயின்ட் ஊசிமுனை அளவு, சாம்பல் நிறம் அதைவிடக் கொஞ்சம் கூட, இரண்டையும் அதில் குழையுங்கள். முகத்தோடு நிறுத்தாமல் காது, கழுத்து, கைவிரல் வரை தடவுங்கள். காதை விட்டுவிட்டால் வேஷம் அங்கேயே கலைந்துவிடும்.

அப்புறம் குழிகள். கண்ணாடி முன் நின்று கன்னத்தை உள்ளே உறிஞ்சிப் பாருங்கள். நிழல் விழும் இடத்தில்தான் கை வைக்க வேண்டும். கண்குழி, நெற்றிப்பொட்டு, கன்னக்குழி எதிலும் சுத்தக் கறுப்பு வேண்டாம், கரி அப்பியது போல நிற்கும். கத்தரிப்பூ நிறமும் அடர்பழுப்பும் கலந்த ஐஷேடோ வையுங்கள். உதட்டில் கன்சீலர் தடவி நிறத்தை மறைத்துவிட்டு, நடுவில் மட்டும் லேசாகப் பழுப்பு. இந்தக் குழிகள் சரியாக விழுந்தால் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே எதிரில் வருபவர் ஓரடி பின்வாங்குவார்.

கிழிந்த தோலுக்கு மர வேலைக்கான வெள்ளைப் பசை தடவலாமா? (தாராவி வாசகர்)

வேண்டவே வேண்டாம். லிக்விட் லேடெக்ஸ் வாங்குங்கள். அது ரப்பர் பால், சிலருக்கு ஒவ்வாது. முந்தைய நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடுங்கள். பலூன், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோதித்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

டிஷ்யூ பேப்பரை ஓர் அடுக்காகப் பிரித்து, கத்தரிக்கோல் போடாமல் கையால் கிழியுங்கள். ஓரம் பஞ்சு போல இருந்தால்தான் தோலோடு தோலாகப் படியும். லேடெக்ஸ் தடவி, பேப்பரை ஒட்டி, மேலே மறுபடி லேடெக்ஸ். இப்படி மூன்று அடுக்கு. காய்ந்ததும் பவுடர் போட்டு, நடுவில் விரல் நுனியால் கிள்ளிக் கிழித்து ஓரங்களைத் தூக்கிவிடுங்கள். பள்ளத்தின் அடியில் கறுஞ்சிவப்பு, ஓரத்தில் சிவப்பு, வெளியே சுற்றிலும் மங்கலான மஞ்சளும் பச்சையும். ஆறிவரும் கன்றலைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிறம்தான். புருவத்திலும் தாடியிலும் லேடெக்ஸ் பட்டால் முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசலினில் சோளமாவைப் பிசைந்து சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து அப்பலாம். ஜெலட்டினும் உண்டு. ஆனால் அது சூட்டில் இளகும், மும்பையின் அக்டோபர் வெக்கைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரத்தம் வீட்டிலேயே செய்ய முடியுமா? (மாட்டுங்கா)

கெட்டியான சர்க்கரைப் பாகு ஆறியதும் சிவப்பு ஃபுட் கலர், ஒரு சிட்டிகை கோகோ பவுடர். கோகோ இல்லாமல் செய்தால் ரோஸ்மில்க் நிறம்தான் வரும். உறைந்த ரத்தத்துக்கு இன்ஸ்டன்ட் காபித் தூளைச் சேருங்கள். சாயம் துணியில் ஏறினால் போகாது, பழைய சட்டையாகப் போடுங்கள். எறும்பும் வரும்.

பையனுக்கு ஐந்து வயது. ஹோலிப் பொடி மீதி இருக்கிறது, அதைப் பூசலாமா? (முலுண்ட்)

கூடாது. போஸ்டர் கலரும் கூடாது. தோலுக்கென்றே விற்கும் ஃபேஸ் பெயின்ட் மட்டும், அதுவும் கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு. குழந்தைக்கு லேடெக்ஸ் வேண்டாம்.

வெள்ளை கான்டாக்ட் லென்ஸ் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே?

கண் டாக்டர் அளவு பார்த்துத் தராத லென்ஸைக் கண்ணில் வைக்காதீர்கள். நண்பருடையதை வாங்கியும் போடாதீர்கள். கருவிழியில் கீறலோ தொற்றோ வந்தால் பார்வையே போகலாம். கீழ்க்கண் ஓரம் சிவப்பு ஐஷேடோ போதும்.

முலுண்டிலிருந்து தாதரில் வண்டி மாறி பாந்த்ரா பார்ட்டிக்குப் போக வேண்டும். வியர்வையில் நிற்குமா?

காயத்தை மட்டும் வீட்டிலேயே ஒட்டி, மேலே துப்பட்டாவோ மாஸ்க்கோ போட்டு மூடிக்கொள்ளுங்கள். நிறமும் ரத்தமும் பார்ட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். லோக்கல் ரயிலில் ரத்த முகத்தோடு ஏறினால், உண்மையிலேயே அடிபட்டிருக்கிறது என்று யாராவது பதறிவிடுவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் மேல் பவுடரை ஒற்றுங்கள். வியர்த்தால் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

திரும்பி வந்ததும் தேங்காயெண்ணெயை லேடெக்ஸின் ஓரங்களில் ஊறவிட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். தானாக எழும்பி வரும் ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். எவ்வளவு தூக்கம் வந்தாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள்.