கொட்டியாரக் குடா சம ஆழக் கோடுகள் பல்லுப் பல்லாக வருவது

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு நீங்கள் மேட்பிளாட்லிப்பில் (பைத்தன் மொழியில் வரைபடம் கீறும் நிரலகம்) வரைந்த சம ஆழக் கோடுகள், அதாவது ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், ஏன் பல்லுப் பல்லாக வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். கோடு உடைந்து தெரிவதற்கு டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) காரணமில்லை; 600 ஆக்கினாலும் அதே பல்லுத்தான் கூர்மையாகத் தெரியும். மேட்பிளாட்லிப் ஆழங்களை ஒரு கட்ட வலையில் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நேர்கோடுதான் கீறும். 10 கிலோமீற்றருக்கு 40 கட்டம் என்றால் ஒரு கட்டம் 250 மீற்றர். 200 ஆக்குங்கள், 50 மீற்றராகும். உங்கள் ஆழ அளவீடுகளே 200 மீற்றர் இடைவெளியில் இருப்பதால் அதற்குமேல் போய்ப் பயனில்லை.

அளவீடுகளுக்கு இடைப்பட்ட ஆழங்களைக் கணிக்கும் இடைக்கணிப்பைக் கியூபிக்கில் (வளைகோடு பொருத்தும் முறை) செய்யுங்கள். ஆனால் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு செங்குத்தாக இறங்கும் இடத்தில் அது எகிறி, பக்கத்து ஆழமற்ற பகுதிக்கு மறை எண் கொடுக்கும். கடலுக்குள் தீவு முளைக்கும்! ஆழத்தின் மடக்கையை (லாக்) இடைக்கணித்துப் பிறகு திருப்பி மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

கோடு கீற வேண்டிய ஆழ மட்டங்களைச் சம இடைவெளியில் வைக்க வேண்டாம்; மீற்றரில் இப்படி வையுங்கள்: 5, 10, 20, 50, 100, 200, 500. இல்லாவிட்டால் பள்ளத்தாக்கின் சுவரில் கோடுகள் கறுப்பாக அப்பிக்கொள்ளும், உள்துறைமுகம் வெறுமையாகக் கிடக்கும்.

மூதூர்ப் பக்கம் கோடு தரைமேல் ஏறுவது, அளவீட்டுப் புள்ளிகளைச் சுற்றிய குவிவெல்லைக்குள் (வெளிப்புறப் புள்ளிகளைச் சுற்றி இழுத்துக் கட்டிய கயிறு போன்ற எல்லை; அதற்குள் முழுவதும் இடைக்கணிப்பு நடக்கும்) தரையும் அடங்குவதால். கரையோரப் பல்கோணத்தால் அந்தக் கட்டங்களை மறையுங்கள்.

பிடிஎஃப்பில் நிறங்களுக்கிடையே தெரியும் வெள்ளை மயிர்க்கோட்டுக்கு, விளிம்பு நிறத்தை 'ஃபேஸ்' (face, அதாவது உள்ளே நிரப்பிய அதே நிறம்) என்று கொடுத்தால் போதும்.