விண்டோஸா லினக்ஸா? முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள்

கேள்வி: திருவல்லிக்கேணியில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். நாலு கம்ப்யூட்டரும் விண்டோஸ் 10. எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள் ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போதும் என்கிறான் அக்கா மகன். பதினைந்து வருட வேலை உள்ளே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரிலேயே வேண்டும். இந்தத் தேதியும் நிபந்தனையும் மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே கம்பெனி எடுத்த முடிவு. லினக்ஸ் பக்கம் கதை வேறு.

ஒரு புரோகிராம், கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓ.எஸ்.ஸிடம் ஃபைலைத் திற, எழுது என்று எப்படிக் கேட்க வேண்டும் என்பதைப் பொதுவில் எழுதி வைத்த தரம் பாஸிக்ஸ். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர்கள் அமைப்பு அதை 1988-ல் வெளியிட்டது. லினக்ஸ், மேக் எல்லாம் பெரும்பாலும் அதன்படி நடப்பதால் ஒன்றுக்கு எழுதிய புரோகிராமை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெரிய பாடில்லை. விண்டோஸிடம் புரோகிராம்கள் இப்படிக் கேட்கும் முறையான வின்32-ன் விவரங்களையும் யாரும் படிக்கலாம்தான், ஆனால் எதைச் சேர்ப்பது, எதை நிறுத்துவது என்பது மைக்ரோசாஃப்ட் கையில். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட 1993-ல் தொடங்கிய வைன் திட்டம் இன்னும் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்து, அதிலிருக்கும் 'தமிழ்' என்ற சொல்லை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான் வரும்! அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது தமிழே இல்லை, ஓ.எஸ். எதுவானாலும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் அடித்தது எங்கே போனாலும் தமிழாகவே நிற்கும். ஆகவே முதல் வேலை, திரும்பத் திரும்பத் தேவைப்படும் ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது. இலவச கன்வர்ட்டர்கள் இருக்கின்றன, ஆனால் பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால், அதனால் 'கொ', 'கோ' வரும் இடங்களை அவசியம் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள், பெயரில் தப்பு வந்தால் பத்திரிகையே வீண்.

அப்புறம், முடித்த வேலைகளை பி.டி.எஃப்.பாகவும் சேமியுங்கள். அதுவும் ஒரு காலத்தில் அடோபி கையில் இருந்ததுதான், 2008-ல் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் தரமானது. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்களை இலவச லிப்ரே ஆபீஸ் திறக்கும், ஆனால் வடிவம் கலையலாம். அதற்காக ஒரு கம்ப்யூட்டரை மட்டும் நெட் இணைப்பை எடுத்துவிட்டு விண்டோஸ் 10-லேயே வையுங்கள். இன்னொன்றில் லினக்ஸ் போட்டு ஒரு மாதம் வேலை செய்து பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் பற்றி யோசிக்கலாம்.