தனியாகச் சிரிக்கிறானாம்!

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் செல்போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறான். தனியாகப் பேசுகிறான், சிரிக்கிறான், திடீரென்று ‘நாக் ஆயிட்டேன்’ என்று கத்துகிறான். ரம்மி ஆடியவர்கள் கதிதான் இவனுக்கும், கை நீட்டி அடிக்கும் குணமும் வந்துவிடும் என்கிறார் என் மைத்துனர். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அங்கே டவர் கிடைக்காதாம்.
– ஒரு தறிக்காரர், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: முதலில் பையன் காதில் ஹெட்செட் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அவன் தனியாகப் பேசவில்லை ஐயா, மூன்று பேரோடு பேசுகிறான். அந்த ஆட்டத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு அணி. அடிபட்டுச் சாய்ந்தவன் ‘நாக்’. கூட்டாளி ஓடிவந்து பக்கத்தில் குந்தித் தூக்கிவிட்டால் பிழைப்பான். போன மாதம் உங்கள் பேட்டையிலேயே பார்த்தேன். கரண்ட் போய்த் தறிச் சத்தம் ஓய்ந்திருந்த சாயங்காலம், திண்ணையில் நாலு பையன்கள் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ‘டேய், நான் அவனைப் பாத்துக்கறேன், நீ இவனைத் தூக்கு’ என்றான் ஒருவன். கையில் இருந்த ஒரே மெட்கிட்டையும், அதாவது ஆட்டத்து மருந்துப் பெட்டியையும், சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த நிமிஷம் செத்தான். எத்தனை மைத்துனர்கள் நமக்கு இப்படிச் செய்வார்கள்!

ரம்மியையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2025-ல் வந்த மத்தியச் சட்டமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டிகளை, விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டது. பார்லிமென்டுக்குப் புரிந்தது மைத்துனருக்கும் புரியலாம். ஆனாலும் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்க, சட்டை மாற்ற என்று யூசி என்ற ஆட்டத்துக் காசை வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். ஜிபே கணக்கை ஒரு கண் பாருங்கள்.

கை நீட்டி அடிக்கும் குணமா? பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை வைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 2019-ல் பார்த்தார்கள். அடிதடி ஆட்டத்துக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தார் 2022-ல் ஏழு ஆட்டங்களை ஆடும் சுமார் 39,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாய்வார்த்தையை நம்பாமல், கம்பெனிகளிடமே ஆடிய நேரக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். கூடுதலாக ஆடினாலும் குறைத்து ஆடினாலும் மனசு கெட்டதாகவோ தேறியதாகவோ சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆசையாக ஆடுகிறானா, விட முடியாமல் ஆடுகிறானா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. நீங்களோ மணியை மட்டும் எண்ணுகிறீர்கள்.

விட முடியாத நிலை என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் அது இருக்கிறது. ஆட்டம் கைமீறிப் போவது, மற்ற எல்லாமே அதற்குப் பின்னால் தள்ளப்படுவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் நிறுத்தாதது. அதுவும் பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். பையன் அரியர் வைத்திருக்கிறானா, சிநேகிதர்களை விட்டானா, சோற்றுக்கு வருகிறானா? இதில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லையே. எழுதும்படி இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், பெரியப்பாவிடம் அல்ல.

என் கவலை தூக்கத்தைப் பற்றித்தான். ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை இழுக்கும். நடுவில் போனைப் பிடுங்கினால் மூன்று பேரை அம்போ என்று விட்ட பழி அவன் மேல் விழும், கத்தாமல் என்ன செய்வான்? ‘பத்தரைக்கு மேல் புது மேட்ச் போடாதே’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஏற்காட்டு ரோட்டில் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டித்தானே போவீர்கள்? அங்கே எடுத்த படங்களைப் பார்த்தாலும் பிள்ளை உருப்பட மாட்டான் என்று உங்கள் தாத்தாவை யாராவது மிரட்டியிருப்பார்கள். அப்புறம், மலையில் டவர் கிடைக்காது என்று யார் சொன்னது? ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலை விளிம்பில் நின்றால் காலடியில் சேலம் முழுக்கத் தெரியும். பையன் அங்கேதான் நிற்பான், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.