வீட்டுப் பிரஷர் மெஷினும் வீடியோ டாக்டரும்: கேள்வி பதில்

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்குக் காலையில் 152/92 வந்தது. பத்து நிமிஷத்தில் 138/84. மெஷின் கோளாறா? வீடியோவில் டாக்டரிடம் எந்த அளவைச் சொல்வது?

பதில்: மெஷினைச் சந்தேகப்பட வேண்டாம், பிரஷர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். இரண்டில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துச் சொல்லாதீர்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நீங்கள் சொல்லும் எண்ணை நம்பித்தான். ஏழு நாள் எடுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். இரவு படுக்கும் முன் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு ரீடிங். முதல் நாள் ரீடிங்கை விட்டுவிட்டு, மீதி 24-க்கும் சராசரி போட்டு அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால் வீட்டு அளவுக்கு 135/85.

கேள்வி: சட்டைக்கு மேலேயே பட்டையைக் கட்டலாமா?

பதில்: கூடாது. சட்டைக் கையை மேலே இறுக்கிச் சுருட்டினாலும் தப்பு, அதுவே ஒரு கட்டு மாதிரி ஆகிவிடும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கம் பார்த்து வரணும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல். கை மேஜைமேல், பட்டை நெஞ்சு உயரத்துக்கு வரணும். மேஜை தாழ்வாக இருந்தால் இரண்டு தடிப் புத்தகம் வையுங்கள். கை தொங்கினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். பேசினாலும் கூடும்.

பட்டை அளவைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கைச்சுற்றை அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். 35 செ.மீ. கைக்கு 22–32 பட்டையைக் கட்டினால், இல்லாத பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவீர்கள்.

கேள்வி: போன் கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் ஆப் போதாதா?

பதில்: போதாது, நம்பவே வேண்டாம். கைக்கடிகாரமும், பட்டை மெஷினோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்தால்தான் ஓரளவு சரியாகக் காட்டும். மாத்திரை முடிவுக்கு மேல்கைப் பட்டை மெஷின்தான்.

கேள்வி: ப்ளூடூத் மெஷின். ஆப்பில் என் ரீடிங்கும் அம்மா ரீடிங்கும் கலந்துவிட்டது.

பதில்: அளக்கும் முன் மெஷினில் ஆளை மாற்றும் பட்டனைப் பாருங்கள். பேட்டரி மாற்றினால் தேதி, நேரத்தைத் திரும்ப வையுங்கள்; இல்லாவிட்டால் காலை ரீடிங் நள்ளிரவுக் கணக்கில் போய் விழும். ஒரு நோட்டிலும் எழுதி வைப்பது நல்லது.

கேள்வி: வயது 67. அரசின் வீடியோ டாக்டர் சேவையான இ-சஞ்சீவனியில், நான் சாப்பிடும் அதே பிரஷர் மாத்திரையை எழுதித் தருவார்களா?

பதில்: தரலாம் ஐயா. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. பழைய சீட்டு, மி.கி. தெரியும்படி மாத்திரை அட்டையின் போட்டோ, ஏழு நாள் சராசரி, கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், பல வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். கால் வீக்கம், வறட்டு இருமல் இருந்தால் அதையும். வரும் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கணும்.

கேள்வி: திடீரென்று 190/120 காட்டினால்?

பதில்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று எது இருந்தாலும் வீடியோவுக்குக் காத்திருக்காமல் உடனே 108. எதுவும் இல்லை என்றால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக இரட்டை மாத்திரை போடாதீர்கள். மாத்திரையை உடைத்து நாக்குக்கு அடியில் வைக்கும் பழைய பழக்கமும் வேண்டாம். பிரஷர் சட்டென்று சரிந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போகும்.